30 லிட்டர் பாக்ஸ், 3 கிலோ சுமை: மோட்டாரில் பெட்டி பூட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அதிகாலை நான்கரை மணிக்குத் தம்போயில் சாலையோரம் நின்று பாருங்கள். ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் ஜோகூர் பாருவை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாகப் போகும். பெரும்பாலானவை கப்சாய். ஓட்டுபவர்களில் பலர் ஜோகூர் கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள். அநேகமாக ஒவ்வொரு மோட்டாரின் பின்னாலும் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் மழைச்சட்டை, வேலை உடுப்பு, மதியச் சாப்பாடு, தண்ணீர் போத்தல்.

நீங்களும் ஒரு பெட்டி வாங்கலாம் என்று நினைக்கிறீர்களா? நல்ல முடிவுதான். முதுகில் பை சுமக்க வேண்டாம். மழைச்சட்டை எப்போதும் கைவசம் இருக்கும். மோட்டாரை நிறுத்தும்போது ஹெல்மெட்டை உள்ளே பூட்டிவிட்டுப் போகலாம். மலிவான பெட்டியே இதற்கெல்லாம் போதும்.

ஆனால் ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பது லிட்டர், அதாவது உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது வேறு கணக்கு. அது பெட்டியின் உள்பக்கத்திலோ பூட்டும் தட்டிலோ சின்ன எழுத்தில் இருக்கும். 30 லிட்டர் அளவில் வரும் சிறிய பெட்டிகள் பலவற்றில் அந்த எண் வெறும் 3 கிலோ.

ஆமாம், மூன்றே கிலோ. அதிகாலைப் போக்குவரத்தில் உங்கள் பெட்டி கழன்று விழுந்தால் அடிபடப்போவது பின்னால் வருபவர். அதனால்தான் இந்த விளக்கம்.

எல்லாப் பெட்டிக்கும் ஏன் 'கிவி' என்று பேர்?

"அண்ணே, ஒரு கிவி பாக்ஸ் போடணும்" என்று சொன்னால் எந்தக் கடையிலும் புரியும். எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் நம் ஊரில் அதற்குக் கிவி என்றே பெயர் வந்துவிட்டது. உண்மையில் கிவி என்பது ஓர் இத்தாலிய நிறுவனம். 1960களில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடிய ஜுசெப்பே விசென்சி 1978இல் அதைத் தொடங்கினார். நிறுவனத்தின் பெயர் அவருடைய பெயரின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது. மலேசியாவிலும் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது.

இன்று அதே வடிவத்தில் பல நிறுவனங்கள் பெட்டி செய்கின்றன. விலையும் கடைக்குக் கடை மாறும். மலிவான பெட்டி என்றாலே மோசமான பெட்டி என்று அர்த்தமில்லை. எந்தப் பெட்டியாக இருந்தாலும் அதைத் தாங்குவது மூன்று பாகங்கள்:

• ரேக்: மோட்டாரின் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பூட்டும் இரும்புத் தாங்கி. நம் ஊரில் மோனோரேக் என்று கேட்டாலும் கொடுப்பார்கள்.
• தட்டு: ரேக்கின் மேல் உட்காரும் பிளேட். பெட்டி இதில்தான் மாட்டும்.
• பெட்டி: அடிப்பக்கம் தட்டோடு பூட்டிக்கொள்ளும். ஒரு பொத்தானை அழுத்தினால் கழன்று கையோடு வந்துவிடும்.

இந்த மூன்றுக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. பத்து கிலோ தாங்கும் ரேக்கில் மூன்று கிலோ தட்டைப் பூட்டினால், உங்களுக்குக் கிடைப்பது மூன்று கிலோதான்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பெட்டியே 2 முதல் 4 கிலோ வரை இருக்கும். ரேக் தாங்க வேண்டியது பொருளை மட்டுமல்ல, தட்டு, பெட்டி, பொருள் மூன்றையும் சேர்த்து.

மூணு கிலோன்னா எவ்வளவு?

வீட்டில் தராசு இருந்தால் ஒரு நாள் உங்கள் பொருள்களை நிறுத்துப் பாருங்கள். உத்தேசக் கணக்கு இப்படி வரும்:

• முழு முக ஹெல்மெட்: ஒன்றரை கிலோ
• மழைச்சட்டையும் கால்சட்டையும்: ஒரு கிலோ
• மடிக்கணினியும் சார்ஜரும்: இரண்டு கிலோ
• ஒரு லிட்டர் தண்ணீர் போத்தல்: ஒரு கிலோ
• சாப்பாட்டு டப்பா: அரை கிலோ

ஹெல்மெட்டை விட்டுவிடுங்கள், அதை எப்படியும் தலையில்தான் போட்டிருப்பீர்கள். மற்ற நான்கைக் கூட்டினாலே நாலரை கிலோ. பெட்டி நிறையவில்லை, இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் வரம்பு எப்போதோ தாண்டிவிட்டது.

"நான் ரெண்டு வருசமா அஞ்சு கிலோ அரிசி போட்டுக்கிட்டுப் போறேன், ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் சுமை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சாலைக் குழியில் பின் சக்கரம் விழுந்து எழும் அந்த நொடியில், தட்டின் மேல் வரும் விசை உண்மையான எடையைப் போலப் பல மடங்கு. ஒவ்வொரு குழியும் பிளாஸ்டிக் தட்டையும் ரேக்கின் வெல்டிங்கையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்வடைய வைக்கும். முதலில் மயிரிழை அளவு விரிசல் வரும். அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் மொத்தமாக உடையும்.

எடை எங்கே உட்காருகிறது என்பதுதான் விஷயம்

சிறு வயதில் ஏற்ற இறக்கப் பலகையில் விளையாடியிருப்பீர்கள். பலகையின் நுனியில் உட்காரும் சின்னப் பையன், நடுவில் உட்காரும் பெரியவரையே தூக்கிவிடுவான். பின்பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. மோட்டாரின் பின் சக்கர அச்சுதான் அந்தப் பலகையின் நடுப்புள்ளி. பெட்டி அதற்குப் பின்னால் தொங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்சாய் மோட்டாரில் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையில் சுமார் 1.2 மீட்டர் தூரம். பெட்டியின் நடுப்பகுதி பின் அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியும் பொருளும் சேர்ந்து 8 கிலோ என்றால், முன் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை 2 கிலோ குறையும். பின் சக்கரத்தின் மேல் 10 கிலோ கூடும். அதாவது நீங்கள் ஏற்றிய எட்டு கிலோவைப் பின் சக்கரம் பத்து கிலோவாக உணர்கிறது.

இரண்டு கிலோ பெரிய விஷயமா? நூறு கிலோ அளவுள்ள சின்ன மோட்டாரில், அதுவும் பின்னால் ஒருவரை ஏற்றியிருக்கும்போது, கைப்பிடி லேசாகிவிட்டதை உங்கள் கையே சொல்லும். வேகம் கூடினால் மோட்டார் மெல்ல இடவலமாக அலையத் தொடங்கலாம். பெட்டி உயரத்தில் இருப்பதால் பக்கவாட்டுக் காற்றும் அதைத் தள்ளும். கடற்பாலத்தில் போகும்போதும், 1998இல் திறந்த இரண்டாவது இணைப்புப் பாலத்தில் போகும்போதும் கடல் காற்று அடிக்கும். பெரிய லாரி பக்கத்தில் கடக்கும்போதும் அப்படித்தான்.

அலையத் தொடங்கினால் என்ன செய்வது? பயந்துபோய்க் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிரேக்கை ஒரேயடியாக அமுக்கவும் வேண்டாம். கையைத் தளர்வாக வைத்து, முறுக்கியை மெதுவாக விட்டு, வேகத்தைத் தானாகக் குறைய விடுங்கள். பிறகு பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பெட்டியிலிருந்து கனமானதை வெளியே எடுங்கள். அது எச்சரிக்கை. அலட்சியம் செய்துவிட்டு மறுபடியும் அதே வேகத்தில் போகக் கூடாது.

சரி, எவ்வளவு பெருசு வாங்கணும்?

"பெருசா வாங்கிட்டா எல்லாம் போட்டுக்கலாம்" என்பதுதான் பலரின் நினைப்பு. பெட்டி பெரிதானால் அதை நிரப்பவும் தோன்றும். எடை வரம்பு மட்டும் அதற்கேற்பப் பெரிதாவதில்லை. உங்கள் தேவையை வைத்து முடிவு செய்யுங்கள்:

• 20 லிட்டரைச் சுற்றி: மழைச்சட்டை, பணப்பை, சாப்பாடு. ஹெல்மெட் நுழையுமா என்பது சந்தேகம்.
• 26 முதல் 32 லிட்டர்: ஒரு ஹெல்மெட், கூடவே மழைச்சட்டை. தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் போகும் கப்சாய்க்கு இதுவே போதும்.
• 43 லிட்டருக்கு மேல்: முகம் திறந்த ஹெல்மெட் இரண்டு. நெடும்பயணம் போகும் கொஞ்சம் பெரிய மோட்டாருக்குப் பொருத்தம். சின்ன மோட்டாரில் காற்று பிடிக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஹெல்மெட்டைக் கையோடு கொண்டு போங்கள். லிட்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். முழு முக ஹெல்மெட்டின் தாடைப் பகுதி மூடியில் இடிக்கும். உள்ளே வைத்து, மூடி, பூட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை முழுதாக இருக்கிறதா? கீல் ஆடுகிறதா? சாவி இரண்டு தருகிறார்களா? தட்டும் போல்ட்டும் பெட்டியோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா? உடைந்தால் தட்டு மட்டும் மாற்றக் கிடைக்குமா? எடை வரம்பு எங்கேயாவது எழுதியிருக்கிறதா? எதுவும் எழுதாத பெட்டி என்றால் மூன்று கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு வெள்ளிதான் கையில் இருக்கிறது என்றால், எதில் மிச்சம் பிடிக்கலாம்? பெட்டியில் பிடியுங்கள், ரேக்கில் வேண்டாம். பழைய பெட்டியானாலும் பரவாயில்லை, விரிசல் இல்லாமல் பூட்டு சரியாக இருந்தால் போதும். ரேக் மட்டும் உங்கள் மோட்டார் மாடலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். எல்லா மோட்டாருக்கும் பொருந்தும் என்று விற்கும் ரேக்கைத் துளையை வளைத்து, வாஷர் அடுக்கிப் பொருத்துவார்கள். அங்கேதான் ஆட்டம் தொடங்கும்.

நீங்களே பூட்டலாம்: படிப்படியாக

தம்போயில் மோட்டார் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கூலி கொடுத்தால் அரை மணி நேரத்தில் பூட்டித் தருவார்கள். நீங்களே செய்வதென்றால் ஸ்பானர் செட், ஸ்க்ரூ டிரைவர், ஆலன் சாவி போதும். பட்டறையில் கொடுத்தாலும், கீழே சொல்லியிருப்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

1. மோட்டாரை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்பக்கக் கைப்பிடிக் கம்பியைக் கழற்றுங்கள். கழற்றிய போல்ட்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

2. ரேக்கை அதே துளைகளில் வைத்து எல்லா போல்ட்களையும் முதலில் கையால் மட்டும் மாட்டுங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாம் நுழைந்த பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு போல்ட் நேராக நுழையவில்லை என்றால் பலம் போட்டு முறுக்க வேண்டாம். மரை போய்விடும்.

3. ரேக் தடிமனாக இருந்தால் பழைய போல்ட் குட்டையாகிவிடும். நட்டைத் தாண்டிக் குறைந்தது இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நீளமான போல்ட் வாங்குங்கள். சில காசுதான்.

4. நட் தானாகக் கழலாமல் இருக்க, உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட் போடுங்கள். சாதாரண நட் மோட்டாரின் அதிர்வில் தளர்ந்துவிடும்.

5. தட்டை ரேக்கின் மேல் வையுங்கள். முடிந்தவரை முன்னால் தள்ளிப் பூட்டுங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டர் முன்னால் வந்தாலும் முன் சக்கரத்துக்கு நல்லது. பின்னால் உட்காருபவரின் முதுகு இடிக்காத அளவு இடம் மட்டும் விடுங்கள். அவரை உட்கார வைத்துப் பார்த்தே அளவெடுங்கள்.

6. தட்டின் அடியில் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் ரேக்கின் கம்பியை முழுதாகக் கவ்வ வேண்டும். நுனியில் மட்டும் பிடித்திருந்தால் போதாது. அதே சமயம் பிளாஸ்டிக் நசுங்கும் அளவுக்கு முறுக்கவும் கூடாது.

7. பெட்டியை மாட்டுங்கள். 'கிளிக்' என்று சத்தம் வர வேண்டும். பிறகு பெட்டியின் பின்பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்.

8. கடைசி சோதனை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். மோட்டாரே சேர்ந்து ஆட வேண்டும். பெட்டி மட்டும் தனியாக ஆடினால் எங்கோ ஏதோ சரியில்லை.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் தட்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். வெள்ளை மார்க்கர் போதும். நட் திரும்பினால் கோடு விலகிவிடும். ஸ்பானர் எடுக்காமலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புதிதாகப் பூட்டியதும் முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை எல்லாவற்றையும் மறுபடியும் இறுக்கிப் பாருங்கள். புது ரேக் தன் இடத்தில் படிந்து உட்காரும்போது போல்ட் கொஞ்சம் தளரும்.

எண் தகடும் விளக்கும் தெரிகிறதா?

பெட்டி பூட்டிய பிறகு பத்து அடி பின்னால் போய் நின்று பாருங்கள். பின் விளக்கு, பிரேக் விளக்கு, இரண்டு பக்க சிக்னல், பதிவு எண் தகடு எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். நேராக மட்டுமல்ல, லாரி ஓட்டுநர் பார்ப்பது போல் கொஞ்சம் மேலிருந்தும் பாருங்கள். ரேக் பின்னால் நீண்டு, எண் தகட்டை மறைப்பது அடிக்கடி நடக்கும். பதிவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது சட்டம். ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் சோதனையில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான்.

பெட்டியில் கூடுதல் பிரேக் விளக்கு போடலாமா? சிவப்பாக இருந்தால் உதவிதான். ஆனால் கம்பியை உரித்து முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். மழை நீர் இறங்கினால் பின் விளக்கே அணைந்துவிடும். தண்ணீர் புகாத இணைப்பானைப் போடச் சொல்லுங்கள். வெள்ளை, நீல விளக்குகளைப் பின்னால் போடாதீர்கள்.

விளக்கு வேண்டாம் என்றால் சிவப்பு நிறப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஜோகூரில் சூரியன் உதிக்க ஏழு மணி ஆகும். நான்கரைக்குக் கிளம்புபவர் போகும் வழி முழுதும் இருட்டு. கறுப்பு மோட்டார், கறுப்புப் பெட்டி, கறுப்பு ஜாக்கெட் என்றால் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். மலேசியச் சாலை மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பெட்டியோடு ஓட்டிப் பழகுவது

முதல் நாளே நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். உங்கள் தாமானுக்குள் இரண்டு சுற்று ஓட்டுங்கள். திரும்பிப் பாருங்கள், பிரேக் பிடித்துப் பாருங்கள்.

ஏறும்போது காலைப் பின்பக்கமாகச் சுழற்றும் பழக்கம் இருந்தால் பெட்டியில் இடித்து மோட்டாரோடு விழுவீர்கள். கப்சாயில் காலை முன்பக்கமாக விடலாம். முன்னால் டேங்க் இருக்கும் மோட்டாரில் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுக் காலை நன்றாகத் தூக்கி ஏற வேண்டும்.

டயர் காற்றையும் கவனியுங்கள். மோட்டாரின் கையேட்டில் இரண்டு அளவு இருக்கும்: ஒருவர் ஓட்டும்போது, பின்னால் ஒருவர் இருக்கும்போது. பெட்டியும் ஆளும் சேர்ந்தால் இரண்டாவது அளவுக்குக் காற்று அடியுங்கள். டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும்.

பின்னால் உட்காருபவர் பெட்டியில் சாயக் கூடாது. சில பெட்டிகளில் மெத்தை வைத்திருப்பார்கள். அது இடிபடாமல் இருக்கத்தான், ஆள் எடையைத் தாங்குவதற்கு இல்லை. குழந்தைகளைப் பெட்டியின் மேல் உட்கார வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கனமான பொருள் வாங்கினால் என்ன செய்வது? அரிசிப் பையைப் பின் இருக்கையின் மேல் வைத்து நன்றாகக் கட்டுங்கள். அங்கே எடை பின் அச்சுக்கு முன்னால் இருக்கும். தண்ணீர் போத்தலை முன் கூடையிலோ கொக்கியிலோ வையுங்கள். கைப்பிடி திரும்புவதற்கு இடிக்கக் கூடாது. மடிக்கணினி முதுகுப்பையில் இருப்பதே நல்லது, அதிர்விலிருந்தும் தப்பிக்கும். பெட்டிக்குள் கனமானதை அடியிலும் முன்பக்கத்திலும் வைத்து, மழைச்சட்டையைச் சுற்றித் திணித்துவிடுங்கள். உருளும் பொருள் திருப்பத்தில் மோட்டாரையும் சேர்த்து இழுக்கும்.

மழை, வெயில், பூட்டு

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. மற்ற மாதங்களிலும் மாலையில் இடியோடு கொட்டும். மலிவான பெட்டி தூறலைத் தாங்கும், அடைமழையை முழுதாகத் தாங்காது. முக்கியமானதை முதலில் பிளாஸ்டிக் பையில் போட்டு, பிறகு பெட்டியில் வையுங்கள். ஈரமான மழைச்சட்டையை அப்படியே மூடி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை வரும், ஹெல்மெட்டின் உள்துணியும் நாறும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கழற்றித் திறந்து வையுங்கள்.

வெயிலில் நிறுத்திய கறுப்புப் பெட்டியின் உள்ளே கை வைத்துப் பாருங்கள், கொதிக்கும். பல கைப்பேசிகளுக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் வெப்ப வரம்பு 45 டிகிரி செல்சியஸ்தான். கைப்பேசி, பவர் பேங்க், லைட்டர், அழுத்தம் நிரப்பிய ஸ்ப்ரே எதையும் உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். போத்தலில் பெட்ரோல் வைத்துக்கொள்ளும் பழக்கமும் கூடவே கூடாது. காலையில் வாங்கிய நாசி லெமாக்கை மதியம் வரை பெட்டியிலேயே வைத்தால் தேங்காய்ப்பால் புளித்துவிடும்.

பூட்டைப் பொறுத்தவரை அதிகம் நம்ப வேண்டாம். மலிவான பூட்டு ஆசையைத் தடுக்கும், திருடனைத் தடுக்காது. ஹெல்மெட்டும் மழைச்சட்டையும் வைக்கலாம். கடப்பிதழ், பணம், சம்பள நாளில் வாங்கிய நகை இதெல்லாம் உங்கள் உடம்போடு இருக்கட்டும். இரண்டாவது சாவியை வீட்டில் வையுங்கள். பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுத் தவித்தவர்கள் உண்டு.

எல்லை தாண்டும்போது

சிங்கப்பூருக்குப் போய்வருபவர் என்றால் இதைத் தவறாமல் படியுங்கள். சுங்கச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. "என்னோடது இல்ல சார், கூட்டாளி வச்சது" என்ற பதில் அங்கே எடுபடாது.

மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 முதல் சிங்கப்பூரில் குற்றம். சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பெட்டியாக இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். சூயிங்கம் 1992 முதல் தடை. வார இறுதியில் நண்பருக்குக் கொடுத்த பெட்டியில் ஒரு வேப் மறந்து கிடந்தால், திங்கட்கிழமை காலை மாட்டுவது நீங்கள். கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து அடிவரை பாருங்கள். யாராவது பொட்டலம் கொடுத்து அங்கே சேர்க்கச் சொன்னால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கடப்பிதழைப் பெட்டியில் வைக்காமல் ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் பின்னால் நூறு மோட்டார் நிற்கும்போது இறங்கி, பெட்டியைத் திறந்து, தேடிக்கொண்டிருக்க முடியாது.

வாரத்துக்கு இரண்டு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைக் கழுவும்போது இந்த ஐந்தையும் பாருங்கள்:

• நட்டின் மேல் போட்ட கோடு விலகியிருக்கிறதா?
• ரேக்கின் வெல்டிங் ஓரத்தில் துருவோ விரிசலோ தெரிகிறதா?
• தட்டில் போல்ட் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறதா? விரிசல் வரும் முன் வெள்ளைக் கோடு தெரியும்.
• பெட்டியைப் பிடித்து ஆட்டினால் மோட்டாரும் சேர்ந்து ஆடுகிறதா?
• உள்ளே தேவையில்லாமல் சேர்ந்துகிடப்பது என்ன?

கடைசிக் கேள்விக்குத்தான் பலரிடம் நீளமான பதில் கிடைக்கும். பழைய போத்தல், கிழிந்த மழைச்சட்டை, போன மாதம் வாங்கிய எண்ணெய் டின், என்றோ கழற்றிய போல்ட். ஒவ்வொன்றும் சின்னதுதான். சேர்ந்தால் மூன்று கிலோ கடந்துவிடும்.

விரிசல் கண்டால் பசை போட்டு ஒட்ட வேண்டாம், கேபிள் டையால் கட்டவும் வேண்டாம். அன்றைக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு முதுகுப்பையோடு போங்கள். தட்டை மாற்ற ஆகும் செலவு, பெட்டி சாலையில் விழுந்த பிறகு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. உங்களுக்குப் பின்னால் வருபவரும் யாரோ ஒருவரின் அண்ணனோ தம்பியோதான். அவரும் உங்களைப் போல நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்.